கிபா கார்ஜ் பாதைகள்: மழைக்குப் பின் கவனம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மேற்கே, பைன்டவுன் பக்கம் உள்ள கிபா கார்ஜ் பள்ளத்தாக்கு, மலைச் சைக்கிள்காரர்களுக்கு அருமையான இடம். ஆனால் இங்கே கோடைதான் மழைக்காலம். மேட்டில் தரை காய்ந்து கிடந்தாலும், வெயில் புகாத மரநிழலில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். முதல் நூறு மீட்டரில் இறங்கித் தடத்தைப் பாருங்கள். டயர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தாலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மண் அப்பினாலோ திரும்பிவிடுங்கள். அந்தப் பள்ளம் காய்ந்து இறுகினால் அடுத்த மழைநீர் அதிலேயே ஓடிப் பாதையை அரிக்கும். இதில் சலுகையே கூடாது.

நனைந்த வேரை நேர்க்குறுக்காக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். வறண்ட நாளில் வளைவுகளில் உதிரிமணல் முன்சக்கரத்தை வழுக்கிவிடும். திரும்புமுன்பே வேகத்தைக் குறையுங்கள். 2.3 அங்குல டியூப்லெஸ் டயருக்கு, எழுபது கிலோ ஆளென்றால், காற்றழுத்தம் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ போதும். எதிரே நடப்பவர் வந்தால் வழிவிடுங்கள்.