குரோக்கஸ் கிழங்கு என்று திருகோணமலையில் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

ஒஸ்லோவில் இருக்கும் அக்கா போன ஏப்ரலில் ஒரு படம் அனுப்பினார். பாதி உருகிய பனிக்குள்ளே ஊதாவும் மஞ்சளுமாய்ச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் போலப் பூக்கள். குரோக்கஸ். புரட்டாசியில் கிழங்கை மூன்று நான்கு அங்குல ஆழத்தில் புதைத்தால் போதுமாம். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, வேறெதுவும் தளிர்ப்பதற்கு முன்னம் அது பூத்துவிடும். அம்மா அந்தப் படத்தை உவர்மலையில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் காட்டிவிட்டார்.

அந்த ஆசையால்தான் ஒக்டோபரில் பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தை நம்பினேன். அதே மாதிரிப் பனிக்குள் பூத்த படம். "குரோக்கஸ், அதாவது குங்குமப்பூ. நுவரெலியாவில் வளர்த்து வெப்பத்துக்குப் பழக்கிய கிழங்கு. திருகோணமலை மண்ணிலும் மூன்று மாதத்தில் பூக்கும்." என் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். பூத்தால் பாலில் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா, வீட்டுப்பூ எண்டால் கலப்படம் இல்லை" என்று குரல் பதிவு வந்தது. 20 கிழங்குக்கு 4,500 ரூபாயை வங்கியில் போட்டேன்.

பார்சல் வந்ததும் அம்மா மணலும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து பூச்சாடிகளில் நட்டார். மாரி மழை அடித்தபோது ஒவ்வொரு சாடியாக விறாந்தைக்குத் தூக்கி வைத்தார். முழங்கால் வலியோடு. தை மாதம் மழை விட்ட கையோடு மொட்டு வந்தது. விரிந்தது இளஞ்சிவப்புப் பூ. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "இது எங்கட கிணத்தடியில மழைக்குப் பூக்கிறதுதானே பிள்ளை" என்றார். அவர் சொன்னது சரி. ரெயின் லில்லி. எந்த வேலியோரத்திலும் சும்மா பிடுங்கி வரலாம்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. எனக்குக் காசைவிட அந்தப் பால் விசயம்தான் நெஞ்சைப் பிசைந்தது. ரெயின் லில்லி குங்குமப்பூக் குடும்பமே இல்லை. அதன் கிழங்கில் வாந்தியை உண்டாக்கும் லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தேடிப் படித்து, அக்காவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்.

கையில் கிடைத்த கிழங்கில் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். வெங்காயம் போல அடுக்கடுக்காக இருந்தால் அது குரோக்கஸ் இல்லை. குரோக்கஸ் கருணைக்கிழங்கு போல உள்ளே ஒரே திண்மமாக இருக்கும், மேலே நார்த்தோல் மூடியிருக்கும். முளைத்த பிறகும் பார்க்கலாம்: குரோக்கஸ் இலையின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும். பூத்தால் கேசரங்களை, அதாவது நுனியில் மகரந்தத்தூள் இருக்கும் இழைகளை எண்ணுங்கள். குரோக்கஸுக்கு மூன்றுதான், ரெயின் லில்லிக்கு ஆறு. இலையுதிர்காலக் குரோக்கஸ் என்ற பெயரில் விற்கும் கொல்சிக்கத்துக்கும் ஆறு. அதில் இருப்பது நம் கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின் நஞ்சு. உயிரை எடுத்துவிடும்.

விளம்பரப் படமே பொய் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பனிக்குள் பூப்பது வசந்தக் குரோக்கஸ். குங்குமப்பூ தருவது வேறு இனம், அது ஒக்டோபர், நவம்பரில் பூக்கும். ஒரு பூவில் மூன்றே சிவப்பு இழைகள்; ஒரு கிராம் சேர்க்க ஏறத்தாழ 150 பூ வேண்டும். அது விதையே வைக்காத செடி, ஆகவே "குங்குமப்பூ விதை" என்று யாராவது விற்றாலும் கிட்டப் போகாதீர்கள்.

சரி, உண்மையான வசந்தக் குரோக்கஸ் கிழங்கே வந்திருந்தால்? அப்போதும் எங்கள் மண்ணில் பூத்திருக்காது. அதற்கு 12 முதல் 15 வாரம் 2 முதல் 9 பாகைக் குளிர் தொடர்ந்து வேண்டும். திருகோணமலையில் தை மாத இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில் சில அதிகாலைகளில் உறைபனி விழுந்தாலும் பகல் 20 பாகையை எட்டிவிடும். பிரிட்ஜில் அத்தனை வாரம் வைத்து, பக்கத்தில் பழம் எதுவும் வைக்காமல் காத்து எடுத்தால், சாடியில் ஒரு தடவை சில நாள் பூக்கக்கூடும். அடுத்த வருசத்துக்கு அந்தக் கிழங்கு தேறாது. "வெப்பத்துக்குப் பழக்கிய கிழங்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். வெளிநாட்டுக் கிழங்கு என்று சொன்னால் இறக்குமதி அனுமதியையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். அவை இல்லாமல் கொண்டுவர முடியாது.

பூவின் படத்தை அனுப்பிக் கேட்டபோது, "உரம் காணாது, 1,200 ரூபாய்க்கு எங்களிட்ட இருக்கு" என்று பதில் வந்தது. காசைத் திருப்பிக் கேட்டேன், என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள். வங்கிச் சிட்டை, குரல் பதிவு, பார்சல் உறை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். போன வாரம் அதே பனிப் படம் வேறொரு பெயரில் மறுபடி வந்திருக்கிறது, இப்போது விலை 5,200. திருகோணமலையில் வேறு யாராவது வாங்கியிருந்தால் சிட்டையை எறிந்துவிடாமல் நீங்களும் அந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.