ரோட்டரியா, டிஏயா? மலைநாட்டு வாசலில் கார் பொலிஷ்

வீட்டில் கிரைண்டர் இருக்கிறதே, அதில் ஒரு பொலிஷ் பேடை மாட்டிக் காரைப் பளபளக்க வைத்துவிடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முதலில் அந்தப் பேச்சை முடித்துவிடுவோம்: வேண்டாம். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பொலிஷுக்கென்றே செய்த ரோட்டரி மெஷினைக்கூடப் பெயிண்டின் மேல் பெரும்பாலும் 1,000 முதல் 1,800 சுற்றுக்குள்தான் ஓட்டுவார்கள். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரோன்தான், தலைமுடியை விட மெல்லிசு. பொனட் விளிம்பில் கிரைண்டர் கொஞ்சம் நின்றாலே அது தேய்ந்து போய்விடும். அப்புறம் பெயிண்ட் பாஸைத்தான் தேட வேண்டும். டிரில்லில் மாட்டும் சின்ன பேட் ஹெட்லைட்டின் மஞ்சளை எடுக்க உதவும், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி ரோட்டரிக்கும் டிஏ (டூவல் ஆக்‌ஷன், இரட்டை அசைவு) மெஷினுக்கும்தான். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் சுற்றுகிறது. வெட்டு, அதாவது பெயிண்டின் மேல்படையைத் தேய்த்தெடுப்பது, வேகம்; சூடும் வேகம். கைப்பழக்கம் உள்ளவர் பிடித்தால் சற்று ஆழமான கீறலும் அரை மணிக்குள் மங்கிவிடும். பழக்கமில்லாதவர் பிடித்தால் வெயிலில் பார்க்கும்போது பெயிண்டுக்குள் சுழல் சுழலாகக் கோடு தெரியும். ஹொலோகிராம் என்பது அதைத்தான். கறுப்புக் காரைச் சேர்விஸ் ஸ்டேஷனில் கட் அண்ட் பொலிஷுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெயில் வந்ததும் முகம் சுருங்கியவர்களுக்கு இது புரியும். இங்கோ (INGCO), டோட்டல் மாதிரிக் கம்பனிகளின் ரோட்டரி விலை குறைவு என்பதால் கை அங்கேதான் முதலில் போகும்.

டிஏயில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே அலையவும் செய்கிறது. ஒரே இடத்தில் சூடு சேராது. பலமாக அமுக்கினால் சுற்று நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. புதிதாகப் பழகுகிறவரைக் காப்பாற்றுவதே இந்தக் குறைதான் என்பது என் கட்சி. பேடை மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் அமுக்கம் சரி. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் கையைத் தளர்த்துங்கள்.

டிஏக்குள்ளேயும் அளவு உண்டு. 8, 15, 21 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பது பேட் அலையும் வட்டத்தின் அளவு. இத்தாலிக்காரர்களின் ரூப்ஸ் 15, 21 இரண்டிலும் மெஷின் செய்கிறது. பெரிய வேன் கூரைக்கு 21 ஓடட்டும். நம் ரோட்டில் நிறைய ஓடுவது ஓல்ட்டோ, வேகன் ஆர், விட்ஸ். அந்தக் கதவு வளைவுகளில் 21 அடிக்கடி நின்று நின்று போகும். 5 அங்குலத் தட்டோடு 15, அல்லது செலவைக் குறைக்க 8. ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் நான் 15ஐ எடுப்பேன்.

பற்றரி மெஷின் ஆசை காட்டும், ஆனால் ஒரு முழுக் காருக்கு ஒரு பற்றரி போதாது. வயர் மெஷினே மேல். எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் தடிப்பாக இருக்கட்டும். லயத்துக் கடைசி வீடுகளில் பொழுது சாயும்போது கரண்ட் இறங்கும், அதோடு மெல்லிய நீள வயரும் சேர்ந்தால் மெஷின் முனகத் தொடங்கும். இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்தில் எல்லாரும் பொலிஷ் போத்தலைப் பார்க்கிறார்கள், பேடைப் பார்ப்பதில்லை. கம்பளி பேட் கடுமையாக வெட்டும், ரோட்டரிக்காரர்களின் சாமான் அது. மைக்ரோஃபைபர் பேட் டிஏயில் நன்றாக வெட்டும், ஆனால் மங்கல் விடும்; பிறகு ஃபோம் போட்டு முடிக்க வேண்டும். நடுத்தர ஃபோம் பேட்தான் வீட்டுக்கு. நிறத்தை நம்பி வாங்காதீர்கள், ஒரு கம்பனியின் ஆரஞ்சு வேறு, இன்னொன்றின் ஆரஞ்சு வேறு. இரண்டாவது போத்தல் வாங்கும் காசில் இன்னும் மூன்று பேட் வாங்குவது புத்திசாலித்தனம். ஈரமும் பெயிண்டுத் தூளும் ஊறிய பேட் வெட்டாது, தடவும்.

போத்தலிலும் இரண்டு கட்சி. பெயிண்ட் கடையில் டின்னில் விற்கும் பழைய ரப்பிங் கொம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை) மலிவு. கரடு. சிலதில் எண்ணெய் நிறைய, கீறலை எடுக்காமல் நிரப்பி மறைக்கும். இரண்டு மூன்று முறை கழுவியதும் கீறல் திரும்பிவிடும். ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு முறை துடைத்தால் உண்மை உடனே தெரியும். மெகுவையர்ஸ் அல்டிமேட் கொம்பவுண்ட் மாதிரி மெல்லிய துகள் உள்ளது கையாலும் டிஏயாலும் போடலாம், தூள் குறைவு. த்ரீஎம் கடுமையானதிலிருந்து மென்மையானது வரை படிப்படியாக விற்கிறது. எல்லாவற்றையும் வாங்கச் சொல்வார்கள். வேண்டியதில்லை. ஜப்பானில் இருந்து இறக்கிய கார்களின் கிளியர் கோட் பெரும்பாலும் மென்மை. ஒரு நடுத்தர பொலிஷை இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் போட்டுப் பாருங்கள், பயறளவு நாலு சொட்டு போதும். அதில் தீர்ந்தால் கொம்பவுண்டைத் தொடவே வேண்டாம்.

பழைய சிவப்பு மாருதி 800 வைத்திருப்பவர்கள் பேடில் சிவப்பு ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பெயிண்ட் அப்படித்தான் வரும். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் நிறம் வந்தால் அப்போதே நிறுத்துங்கள்.

மெஷினுக்கு முன்னால் களிமண் பார்; பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கவென்றே விற்கும் மெத்தென்ற கட்டி அது. யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்திய காரில் பிசின், ரோட்டில் வந்த தார், எல்லாம் ஒட்டியிருக்கும். கழுவிக் காய்ந்த பொனட்டில் கையை ஒரு லஞ்ச் ஷீட்டுக்குள் விட்டுத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது மண் மாதிரித் தட்டுப்படும். சோப்புத் தண்ணீர் தெளித்துக் களிமண் பாரைத் தேய்க்காமல் மேலே மெஷினை வைத்தால் அந்த ஒட்டிய அழுக்காலேயே கீறல் போடுகிறீர்கள். பார் கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெயிண்டைக் காக்கப் போடும் கடைசிப் பூச்சில் மலைநாட்டு வானிலைதான் தீர்ப்புச் சொல்லும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். குளிரில் பொலிஷ் சீக்கிரம் காயாது, அதனால் நிதானமாக வேலை செய்யலாம். அது லாபம். ஆனால் மூடுபனியில் கார்னௌபா என்ற தாவர மெழுகு காய நேரமெடுக்கும், நம் மழைக்குச் சில வாரங்களில் தேய்ந்தும் போகும். மினுக்கம் அழகுதான், மறுக்கவில்லை. செரமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்கிறார்கள். போட்ட பிறகு குறைந்தது ஒரு நாளாவது ஈரம் படக்கூடாது. மூடிய கராஜ் இல்லாத வீட்டில் அது சூதாட்டம். மாதக்கணக்கில் தாங்கும் செயற்கை சீலன்ட்தான் இங்கே பொருத்தம், அதிலும் ஸ்பிரே செய்து துடைக்கும் வகை.

நாளும் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. அப்போது மழை குறைவு, ஆனால் காற்றில் தூசி பறக்கும், அதிகாலையே தொடங்குங்கள்.

நகத்தை ஓட்டிப் பார்த்துத் தட்டுப்படுகிற கீறலை மட்டும் எந்த மெஷினாலும் துரத்தாதீர்கள். அங்கே டச்-அப் பெயிண்ட் வைத்துவிட்டுப் பக்கத்து இடத்தைப் பொலிஷ் பண்ணுங்கள்.