துடுப்புப் பலகை வாங்க இருப்பவர்களே, என் 135,000 ரூபா போன கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

நேற்று இரவு அந்தக் கடைக்காரர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில் நின்றபடி துடுப்புப் போடும் பலகைக்கு, அதுதான் பேடில் போர்ட்டுக்கு, ஆசைப்படுகிற பெடியன்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கடையின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு, நீர் விளையாட்டுச் சாமான்களைப் பார்சலில் அனுப்புகிற கடை. அவ்வளவு சொன்னால் போதும்.

வட்ஸ்அப்பில் விலை கேட்டதும் உடனே அழைப்பு வந்தது. பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. "அண்ணை, நாங்களும் புதுக்குடியிருப்புதான். எங்கட ஆக்களிட்ட லாபம் பாக்க மாட்டன்" என்றார். என் உயரம், நிறை எல்லாம் விசாரித்தார். துடுப்பு ஆளின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருக்க வேண்டும், பழகுகிறவருக்கு 32 அங்குல அகலம் வேண்டும் என்று சரியாகவே விளக்கினார். பிறகு, "ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து நந்திக்கடல் களப்பில உங்களை நிக்கப் பழக்கிவிடுறன்" என்றார். விற்றுவிட்டுப் போகிறவன் அப்படிச் சொல்வானா? அன்று பின்னேரமே வங்கிக்குப் போய் 135,000 ரூபாவையும் ஒரேயடியாகப் போட்டேன். நானும் தங்கச்சியும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது.

விளம்பரத்தில் 6 அங்குலத் தடிப்பு. வந்தது 4 அங்குலம். காற்றடிக்கிற பலகையின் உள்ளே மேல் தோலையும் கீழ்த் தோலையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். காற்றின் அழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரை ஏறினால்தான் அது மரப்பலகை மாதிரி விறைத்து நிற்கும். இவர்கள் தந்த பம்பில் அழுத்த மானியின் முள் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. வேறு மானி வைத்துப் பார்த்தால் 8ஐத் தாண்டவில்லை. தங்கச்சி சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் தோய்த்து ஓரம் முழுக்கத் தடவினாள். வால்வு இருக்கும் இடத்திலிருந்து வால் வரை, பசை ஒட்டிய விளிம்பு நெடுகச் சின்னச் சின்னக் குமிழி. ஒரு இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விளிம்பு விட்டிருந்தது.

படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதல் பதில்: "உங்களுக்குக் காத்தடிக்கத் தெரியேல்ல." அடுத்தது: "வெயில்ல வச்சிருப்பியள்." பெட்டியை நாங்கள் பிரித்ததே வீட்டு விறாந்தையில். அப்புறம், தண்ணீரில் இறக்கின சாமானுக்கு வாரண்டி இல்லையாம். தண்ணீரில் இறக்காமல் இதை வைத்து என்ன செய்வது? பிறகு வேறொருவர் எடுத்து, "அந்தப் பெடியன் இப்ப இங்க வேலையில்லை" என்று முடித்துவிட்டார். பயிற்சியைப் பற்றிக் கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. 135,000 ரூபா!

காசை விடவும் என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. விற்கும்போது அந்த ஆள், "நந்திக்கடல் எதுக்கு, இப்ப முல்லைத்தீவுக் கடலே தட்டையாக் கிடக்கு, அங்கயே இறக்கலாம்" என்றும் சொன்னார். இது ஆடி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால்தான் கரையோரம் அலை படுத்துக் கிடக்கிறது. அதே காற்று, பலகையில் நிற்கிற ஆளைப் பாயை விரித்த மாதிரிப் பிடித்து வெளிக்கடலுக்குத் தள்ளும். எங்கள் கடற்றொழிலாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்று இறங்குகிற பலகையோடு, இழுத்தால் கழன்று வருகிற காற்பட்டியோடு (காலைப் பலகையோடு பிணைக்கிற கயிறு) ஒரு பதினாறு வயதுப் பெடியன் அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழகுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

முழுக் காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள். சாமானைக் கண்ணால் பார்த்து, 15 பிஎஸ்ஐ ஏற்றி ஒரு இரவு வைத்துப் பார்த்த பிறகே மிச்சத்தைக் கொடுங்கள். தடிப்பை அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். காற்பட்டியும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் இறங்காதீர்கள். காற்று எழும்புவதற்கு முன், காலையில், களப்பில் இடுப்பளவு தண்ணீரில் முதலில் முழங்காலில் இருந்து பழகுங்கள். எழுந்தால் பலகை நடுவிலுள்ள கைபிடிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, காலடியைப் பார்க்காமல் தூரக் கரையைப் பாருங்கள். காற்று இழுத்தால் குப்புறப் படுத்துக் கையால் வலியுங்கள், பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். குளங்களில் முதலை இருக்கிறது, அங்கே வேண்டாம்.

ஏமாந்தால் பற்றுச்சீட்டு, உரையாடல், படங்கள் ஒன்றையும் அழிக்காமல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். நானும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு கடையில் காசு விட்டவர்கள் வன்னியில் வேறு யாராவது இருந்தால் எனக்கு அறிவியுங்கள், சேர்ந்து போவோம்.