பாக்ஸ் பிளேடு வாங்கப் போகிறீர்களா? முதலில் எடை போட்டுப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இடத்தைச் சமப்படுத்திப் புல்தரை போடலாம் என்று என் சின்ன டிராக்டருக்கு ஒரு பாக்ஸ் பிளேடு (பின்னால் மாட்டி மண்ணை வழித்து இழுக்கும், பக்கத் தகடு வைத்த பெட்டி மாதிரிக் கருவி) வாங்கினேன். வாங்கினேன் என்பதைவிட, தலையில் கட்டிவிட்டார்கள் என்பதுதான் சரி. இதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

விற்றவர் நன்றாகத்தான் பேசினார். கடைக்குப் பின்னாலேயே ஓட்டியும் காட்டினார். இரண்டே ஓட்டம், தரை பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் அந்த மண்ணில் நடந்தபோது கணுக்கால் வரை புதைந்ததை நான் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே உழுது, கட்டி உடைத்துப் போட்டிருந்த மண் அது. அதில் பனை மட்டையைக் கட்டி இழுத்தாலும் சமமாகத்தான் வரும்.

என் இடமோ வருடக்கணக்கில் வண்டி ஏறி இறங்கி இறுகிய தரை. மேட்டில் பிளேடு பட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டிக்குள் இருக்கும், மண்ணைக் கீறும் ரிப்பர் கொக்கிகளை இறக்கினேன். நான்கில் இரண்டு வளைந்தன. டிராக்டரையும் கருவியையும் மேலே இணைக்கும் கம்பியான டாப் லிங்கைக் குறுக்கினால் கருவி முன்பக்கம் சாய்ந்து கொக்கி மண்ணைக் கடிக்க வேண்டும். நீட்டினால் பின் விளிம்பு தரையை இழைக்க வேண்டும். இந்தக் கருவியின் சூட்சுமமே அதுதான். நான் எவ்வளவு குறுக்கியும் அது கடிக்கவில்லை.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. டிராக்டரின் பின்னால் மூன்று முனை இணைப்பில் மாட்டும் கருவியை ஹைட்ராலிக் தூக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அதைக் கீழே அழுத்தாது. மண்ணுக்குள் இறங்குவது கருவியின் சொந்த எடையை நம்பித்தான். எடை இல்லாத பாக்ஸ் பிளேடு வெறும் தகரப் பெட்டி.

இதெல்லாம் தெரியாமல் விற்றவருக்கே போன் போட்டேன். “முதல்ல ரோட்டவேட்டர் அடிங்க சார், அப்புறம் இது பிரமாதமா வேலை செய்யும்” என்றார். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் அந்தக் கருவியை நானும் வாடகைக்கு எடுத்து அடித்தேன். மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பொலபொலவென்று ஆனது. அதன்மேல் பிளேடை ஓட்டியதும் கடையில் பார்த்த அதே பாய் விரிப்பு! படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நல்ல மழை பெய்தது. பழைய பள்ளங்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே திரும்ப வந்தன. ரோட்டவேட்டர் மேட்டில் இருப்பதை மேட்டிலும், பள்ளத்தில் இருப்பதைப் பள்ளத்திலும்தான் கிளறும். அடியில் இருக்கும் கெட்டித் தரையின் ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கும். மேலே தள்ளி நிரப்பிய மண் பள்ளத்தில் ஆழமாக நிற்பதால் அங்கேதான் அதிகம் அமுங்கும். போதாக்குறைக்குக் கோரை. மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடந்த கிழங்குகளை ரோட்டவேட்டர் அறுத்து இடம் முழுக்க விதைத்துவிட்டது. அறுபட்ட ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைத்தது.

அப்போதுதான் சந்தேகம் வந்து எடை மேடைக்குக் கொண்டுபோனேன். வண்டியோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை. ஸ்டிக்கரில் 220 கிலோ. மேடையில் 140. அளவுநாடா வைத்துப் பார்த்தால் அகலமும் குறைவு. டிராக்டரின் பின் டயர்கள் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 140 சென்டிமீட்டர், பிளேடு 120. அதாவது எத்தனை முறை ஓட்டினாலும் இரண்டு பக்கமும் டயர் தடம் அழியாமல் நிற்கும். என் டிராக்டர் எது என்று தெரிந்துகொண்டேதான் விற்றார்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “மண் பட்ட சாமானை எடுக்கிறதில்ல சார்.” ஸ்டிக்கரைக் காட்டினேன். “அது தயாரிக்கிறவன் ஒட்டினது.” பில்லைப் பார்த்தால் ‘பிளேடு – 1’ என்று மட்டும் இருக்கிறது. எடை இல்லை, அகலம் இல்லை, பாக்ஸ் என்ற வார்த்தைகூட இல்லை. அதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தது என் தப்பு.

அதனால் வாங்குபவர்கள் எடை, அகலம், தகட்டின் கனம், கொக்கிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஓட்டிக் காட்டுவதென்றால் இறுகிய தரையில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். கருவியை டிராக்டரில் மாட்டும் இரும்பு முளையையும் (pin) பாருங்கள். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் காணப்படும் முதல் வகை (Category 1) இணைப்பில் கீழ் முளையின் விட்டம் 22 மில்லிமீட்டர், மேல் முளை 19. அடுத்த வகையில் (Category 2) 28, 25. பொருந்தாததை மாட்டினால் ஆட்டம் கொடுக்கும்.

பாக்ஸ் வேண்டாம், பின்னால் மாட்டும், பக்கத் தகடு இல்லாத சாதா பிளேடு போதும் என்றும் சிலர் சொல்வார்கள். புல்தரைக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம். முன் டயர் மேட்டில் ஏறினால் பின்னால் பிளேடு இறங்கித் தோண்டும். பின் டயர் ஏறினால் பிளேடும் தூக்கிக்கொள்ளும். பழகாத கைக்கு இருக்கிற அலை இரண்டு மடங்காகும். என்னை மாதிரி ஆட்களுக்கு லேண்ட் பிளேன்தான் தோது. நீளமான இரண்டு சறுக்குத் தகடுகளுக்கு நடுவே இரண்டு கத்திகள். தகடுகள் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டுப் போவதால் கத்தி பள்ளத்தில் தோண்டாது.

கடைசியில் அதைத்தான் வாடகைக்கு எடுத்தேன். மட்டக்குழாய் பிடித்து, வீட்டை விட்டு விலகிப் போகும்படி 100 அடிக்கு 2 அடி சரிவு குறித்துக்கொண்டு, பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில் ஓட்டினேன். ஆழமான பள்ளங்களை மட்டும் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒவ்வோர் அடுக்காகப் போட்டு மிதித்து நிரப்பினேன். மழைக்கு விட்டு, அமுங்கிய இடத்தில் மறுபடி மண் போட்டேன். இப்போது தரை சரியாக இருக்கிறது.

கோரையைத்தான் இன்னும் தினமும் காலையில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.