ரேட்டை மறைக்க ஒரு எக்ஸ்டென்ஷன்

கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற வெப் ஈஆர்பி எப்படிங்க, வாங்கலாமா?" வெப் ஈஆர்பி என்றால் கம்பெனி வேலை முழுக்கப் பிரவுசரிலேயே நடத்தும் சாப்ட்வேர். அதில் ஆர்டர், ஸ்டாக், ரிப்போர்ட் எல்லாம் டெமோவிலேயே பார்த்திருப்பார். யூசர் பெர்மிஷன் பற்றி மட்டும் சொல்கிறேன், என் எரிச்சல் முழுக்க அங்கேதான்.

எங்களுடையது திருப்பூர் பனியன் யூனிட். துணி நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (சுருங்காமல் அமுக்குவது) என்று வெளி யூனிட்டுகளுக்குப் போய்ப் போய் வரும். துணியோடு போகும் டெலிவரி சலானை, அதாவது டிசியை, போடும் ஸ்டோர் பையனுக்கு லாட் நம்பர், டயா (அகலம்), ஜிஎஸ்எம் (கனம்), ரோல், கிலோ தெரிந்தால் போதும். எந்த டையிங்குக்குக் கிலோவுக்கு என்ன ரேட் என்பது அவனுக்கு எதற்கு? ஆனால் இந்தச் சாப்ட்வேரில் பெர்மிஷன் ஸ்கிரீனோடு நின்றுவிடும். ஸ்கிரீனுக்குள் இந்தக் கட்டம் தெரியலாம், அது கூடாது என்று பிரிக்க வழியில்லை. டிசி லிஸ்ட்டைத் திறந்தால் எல்லா டையிங்கின் ரேட்டும் வரிசையாக நிற்கும். வண்டிக்கு டிசி வாங்க வந்த டிரைவர் மேஜையில் சாய்ந்தபடி பக்கத்து டையிங்கின் ரேட்டைப் படித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அவர் முதலாளியிடமிருந்து போன்: "ஏனுங்க, எங்களுக்கு மட்டும் கம்மியா?"

சாப்ட்வேர் கம்பெனியில் சொன்னால் சப்போர்ட் பையன் சொன்ன வழி: "அண்ணா, குரோம்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்குங்க, அந்தக் கட்டத்தை மறைச்சுரலாம்." எக்ஸ்டென்ஷன் என்றால் பிரவுசரில் ஒட்டவைக்கும் குட்டி புரோகிராம். போட்டதும் மறைந்தது, திரையில் மட்டும். எக்ஸெலுக்கு எக்ஸ்போர்ட் கொடுத்தால் ரேட் பளிச்சென்று வந்து விழுகிறது. சர்வர் அனுப்பிவிட்டதைப் பிரவுசரில் மறைப்பது, பூட்டில்லாத கதவுக்குத் திரைச்சீலை போடுகிற வேலை. பணம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டியதை இலவச எக்ஸ்டென்ஷன் தலையில் கட்டுகிறார்கள்!

அதுவும் சும்மா வரவில்லை. எல்லா வெப்சைட்டிலும் உள்ள தகவலைப் படிக்க, மாற்ற அனுமதி கேட்டது. சரக்கு அனுப்ப அரசு தளத்தில் எடுக்கும் இ-வே பில்லும் அதே பிரவுசரில்தான். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் எக்ஸ்டென்ஷனிலேயே, போலி மெயிலில் ஊழியரை ஏமாற்றித் திருட்டு அப்டேட்டை ஏற்றிவிட்டார்கள். அப்டேட் தானாக இறங்கும், யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் எங்கள் சிஸ்டம்காரர் குரோம் பாலிசியில் (நிர்வாக செட்டிங்கில்) எல்லா எக்ஸ்டென்ஷனையும் தடுத்து, இதை மட்டும் விட்டார். அதையும் ஈஆர்பி தளத்தில் மட்டும் ஓடும்படி சுருக்கினார். அப்புறமும் தலைவலிதான். அப்டேட்டில் புதிதாக அனுமதி கூட்டிக் கேட்டால், நாம் சரி சொல்லும் வரை குரோம் எக்ஸ்டென்ஷனை அணைத்துவிடும். அப்படி ஒரு நாள் அணைந்து, ரேட் மறுபடி பல்லிளித்தது.

நியாயமாகச் சொன்னால், யார் என்ன மாற்றினார்கள் என்ற பதிவு (log) அருமை. எந்த டிசியில் கிலோவை யார், எத்தனை மணிக்கு மாற்றினார்கள், முன்பு என்ன இருந்தது, எல்லாம் இருக்கும். இந்த ஊரில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சகஜம். ஒருவர் விலகினால் ஒரே கிளிக், அவர் போனில் திறந்து வைத்திருந்த லாகினும் அந்த நிமிடமே செத்துவிடும். இதற்கே பாதிக் காசு தகும்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாங்கள் அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டியாகிவிட்டது, அது வேறு கதை. மீறி வாங்குவதென்றால், டெமோவில் அட்மின் லாகினைப் பார்த்து மயங்காமல், ஸ்டோர் லாகினில் நுழைந்து எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.