ஆயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், வால்வு மாற்றும் பணிக்காக மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நாள்கணக்கில் குழாய்த் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் வாளிகளைத் தூக்கி அலைந்த அனுபவமே, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறம் கூரைத் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி ஒன்றை வாங்க வைத்தது. பக்கத்து ஹார்ட்வேர் கடையில் தொட்டி 480 வெள்ளி (ரிங்கிட்). கூரையின் ஓரக்கால்வாயிலிருந்து குழாய் இறக்கிப் பொருத்த இன்னும் 150 வெள்ளி ஆயிற்று.

கொள்ளளவைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் கிடைக்கும் என்பதால், 40 சதுர மீட்டர் கூரைக்கு 25 மில்லிமீட்டர் மழையே போதும், தொட்டி நிரம்பிவிடும். பினாங்கில் ஒரு மாலை மழை பல நாட்களில் அதைத் தந்துவிடுகிறது. கூரைத் தூசியும் பறவை எச்சமும் கலந்த முதல் மழைநீரை ஒதுக்கிவிடும் தனிக்குழாய் நன்றாக வேலை செய்கிறது. ஆயினும் இந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் தரை கழுவவும் மட்டுமே பயன்படுத்துகிறோம்.

பெரிய குறை, தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாயின் உயரம். அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மேலே அதைப் பொருத்தியிருப்பதால், கடைசி நூறு லிட்டர் வெளியே வராமல் வண்டலோடு கிடக்கிறது. அணைகளுக்கும் இதே தொல்லை உண்டு என்பதை இந்தத் தொட்டியால்தான் நான் உணர்ந்தேன். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்களை மூட வேண்டிய நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, அணை நீரில் அடியில் இருக்கும் பத்து விழுக்காட்டை எடுப்பது கடினம் என்றே கணக்கிட்டார்கள்; ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பும் அப்போது வந்ததுதான். அந்த அளவில் செலவழித்தால், நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு என் தொட்டியின் 900 லிட்டர் நாலரை நாள் வரும். அடுத்த ஆண்டே சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் போனதை உறவினர்கள் தொலைபேசியில் சொல்லக் கேட்டோம்.

பினாங்கின் நிலையும் கவலை தருவதே. மெங்குவாங் அணை விரிவாக்கத்துக்குப் பின் 8,640 கோடி லிட்டர் கொள்ளும், உண்மைதான். ஆனால் மாநிலத்தின் மூல நீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் அண்டை மாநிலமான கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரே ஆற்றை இவ்வளவு நம்பியிருக்கும் ஊரில், தண்ணீர்மலை அருவி ஒரு காலத்தில் தலைநகரான ஜோர்ஜ் டவுனுக்கே தண்ணீர் கொடுத்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். மூடியில் இருந்த நைலான் வலை எட்டாம் மாதமே கிழிந்தது. டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். ஆகவே துருப்பிடிக்காத கம்பிவலையை வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். கூடவே, தொட்டியின் அடியில் வண்டல் வெளியேற ஒரு திறப்பும் வைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பின்னர் 35 வெள்ளி செலவில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கலங்கல் தண்ணீர் இப்போது முருங்கை மரத்துக்குப் போகிறது.