மேடைச் சமையலா, அடுப்படிச் சமையலா?

குடிசைகளிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய, சென்னையை ஒட்டிய கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரியான அடுக்குமாடிக் குடியிருப்பில் தாய்மார்களுக்குச் சத்துணவுச் சமையல் சொல்லித்தர வேண்டும் என்று யாராவது கிளம்பினால், அவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அங்கன்வாடியில் ஒருநாள் செயல்விளக்கம் நடத்தலாம். யாராவது ஒருவர் வீட்டில் தாய்மார்கள் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்ந்து சமைக்கும் கூட்டுச் சமையல் நடத்தலாம். கைப்பேசியில் வீடியோ அனுப்பலாம். வகுப்பெல்லாம் எதற்கு, சத்துமாவைக் கையில் கொடுத்துவிடுவோம் என்றும் முடிக்கலாம். கையில் இருக்கிற பணமும் ஆளும் கொஞ்சம் என்றால் எதில் இறங்குவது?

தேவை இருக்கிறதா என்ற சந்தேகம் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். குழந்தைகள் கணக்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்தது, ஏறியிருக்கிறது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கொடுக்கிற மாநிலத்தின் நிலை இது. பசி அடங்கிவிடுகிறது, சத்துதான் போய்ச் சேரவில்லை.

முதலில் செயல்விளக்கம். 2018 முதல் செப்டம்பரை ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடுகிறார்கள், அந்த மாதத்தில் எந்த ஊர் அங்கன்வாடியிலும் பார்க்கலாம். சிறுதானியத்தில் கோலம், மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. கம்பு லட்டு, கேழ்வரகுப் புட்டு, பேரீச்சம்பழ உருண்டை, சில இடங்களில் பனீர்கூட உண்டு. வந்த அதிகாரி ஸ்பூனால் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பார், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் கலைந்துவிடுவார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது: காலை ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணால் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது பேரைச் சந்திக்க இதைவிட மலிவான வழியும் இல்லை. குறை என்னவென்றால், கரண்டி கடைசிவரை தாயின் கைக்கு வருவதில்லை. சாப்பிட வேண்டிய குழந்தையோ அம்மா இடுப்பில் தூங்கிக்கொண்டிருக்கும்.

கூட்டுச் சமையலின் கதை வியட்நாமில் தொடங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜெரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் தான் ஹோவா மாகாணத்துக் கிராமங்களில் வேலை செய்தார்கள். மெலிந்த பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, அதே வறுமையிலும் நன்றாக வளரும் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். அந்த வீட்டுத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை எல்லாவற்றையும் குழந்தைக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அவை குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்கள் ஒருநாள் உணவை இரண்டு வேளைக்குப் பதிலாக நாலைந்து வேளையாகப் பிரித்தும் ஊட்டினார்கள். பிறகு மற்றத் தாய்மார்களும் சேர்ந்து இதே மாதிரி சமைத்து ஊட்டிப் பழக நடந்த வகுப்புக்குக் கட்டணம் ஒன்றுதான்: வரும்போது ஒரு கைப்பிடி இறாலோ கீரையோ கொண்டுவர வேண்டும். மேற்கு வங்கத்திலும் பின்னால் இதே முறையில் ஒரு திட்டம் நடந்தது.

நம் குடியிருப்பில் இதை நடத்தினால் என்ன தெரியவரும்? முதல் நாளே பருப்புத் தண்ணி விஷயம் வெளிவரும். பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த நீரை இறுத்து, அதில் சாதத்தைக் கரைத்து ஊட்டுவார்கள். பருப்பின் சாரமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்ற நம்பிக்கை. புரதத்தில் பெரும்பகுதி அடியில் தங்கி, பெரியவர்கள் சாம்பாருக்குப் போகிறது. எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு தம்ளர் அளவுதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் சாப்பாட்டுக்கு இடம் எங்கே? மசித்த பருப்புசாதம் ஸ்பூனைச் சாய்த்தாலும் சட்டென்று வழியக்கூடாது, அந்தப் பதம். மேலே ஒரு சொட்டு எண்ணெய். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரி ஊட்டுவதைப் பார்த்தால் உடனே பிடிபடும். கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு டீ கொடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பது எல்லாம் அடுத்தடுத்த நாட்களில் பேச்சோடு பேச்சாக வரும். முதல் நாளும் கடைசி நாளும் எடை பார்ப்பார்கள். தராசு முள் நகர்ந்தால் அதற்கு மேல் பிரசங்கம் தேவையில்லை.

இதிலும் சிக்கல் உண்டு. பன்னிரண்டு நாள் கூலியை யார் விடுவார்கள்? அதனால் வகுப்பைச் சாயங்காலம் வைக்க வேண்டும், ஆயாக்களையும், அதாவது வீட்டுப் பாட்டிமார்களையும், கூப்பிட வேண்டும். பல வீடுகளில் பகலில் ஊட்டுவது ஆயாதான், தாய்க்கு மட்டும் பாடம் எடுத்துப் பயனில்லை. இன்னொன்று, முருங்கைக்கீரை சும்மா கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள் அடுக்குமாடியில் குடியிருந்ததில்லை. கீரைக்கட்டு, முட்டை, கேஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று தாய்மார்களே கணக்குப் போட்ட பிறகுதான் பட்டியல் போட வேண்டும்.

வீடியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பளிங்கு மேடையும் மிக்சியும் உள்ள சமையலறையைக் காட்டி ஒற்றை அடுப்புக்காரிக்குப் பாடம் நடத்த முடியாது. வகுப்பு முடிந்தபின், தெருவிலேயே ஒருத்தி பேசி அனுப்பும் வாட்ஸ்அப் குரல்பதிவு என்றால் கேட்பார்கள்.

சத்துமாவு பாக்கெட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். நேரமே இல்லாத வீட்டில் அது பெரிய உதவி. ஆனால் வீட்டுக்குப் போனதும் கொழுக்கட்டையாகி எல்லார் தட்டுக்கும் பங்கு போய்விடும், சின்னதுக்கு மிஞ்சுவது இரண்டு வாய். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் 90 நாள் இணை உணவு கொடுத்தார்கள். அதைத் தயாரிக்கும் வேலையிலும் ஊர்ப் பெண்கள் குழுக்கள் இருந்தன. பாக்கெட்டையும் வகுப்பையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய அவசியமில்லை, கூட்டுச் சமையலுக்கு அந்த மாவையே கொண்டுவரச் சொல்லலாம்.

என் தேர்வு கூட்டுச் சமையல்தான். ஒரு தெருவில் ஆறேழு பிள்ளைகளை வைத்துத் தொடங்கினால் போதும். செயல்விளக்கத்தை ஆள் சேர்க்கும் கூட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நன்கொடை கொடுப்பவர் வந்தவர் எண்ணிக்கையும் போட்டோவும் கேட்பார், எடைக் கணக்கை நீட்டுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் மேல்கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில்) 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ இந்த நான்கு வழியும் அதற்குப் போதாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.